ஜீப்பின் டிஃபரன்ஷியல்: கேள்வி பதில்

பழைய மஹிந்திரா ஜீப்பும் ஜிப்ஸியும் வைத்திருக்கும் புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டிஃபரன்ஷியல், அதாவது ஆக்ஸிலின் நடுவில் இருந்துகொண்டு இன்ஜின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி, அதைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். இன்ஜின், எஃப்சி, பெயர் மாற்றம் எல்லாம் வேறு ஆட்களிடம் கேளுங்கள்.

பண்ருட்டி: அண்ணா, முந்திரித் தோப்புக்குப் போய்வரும் எம்எம் 540 ஜீப். நாற்பதைத் தாண்டினால் பின்னால் ஊளைச் சத்தம். மெக்கானிக் பார்த்ததுமே கிரவுன் பினியன் போச்சு, செட்டா மாத்தணும்னு சொல்லிட்டார். மாற்றிவிடவா?

இப்போதே மாற்றாதீர்கள். கிரவுன் என்பது உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம், பினியன் அதைச் சுற்றிவிடும் சிறிய பல்சக்கரம். சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனித்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால் கிரவுன் பினியன் பற்களில் தேய்மானம், இல்லையென்றால் யாரோ முன்பு செய்த செட்டிங் தப்பு. காலை எடுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம், முன்னாலிருந்து வரும் நீள ஷாஃப்ட் பினியனோடு சேரும் கவையை, அதாவது யோக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, வேகத்தோடு மட்டும் ஏறினால் வீல் பேரிங் மேல் சந்தேகம் வையுங்கள். ஆள் இல்லாத ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதுமாகத் திருப்பினால் பாரம் மாறும், சத்தமும் மாறும், அப்போது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். நேராகப் போகும்போது ஒன்றுமில்லாமல் வளைவில் மட்டும் கடகட என்றால் கோளாறு உள்ளே ஸ்பைடர் கியரில், வளைவில் இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பல்சக்கரங்கள் அவை. தார் ரோட்டில் கேட்டு, மண் ரோட்டில் கேட்காவிட்டால் அது டயர் சத்தம்.

அப்புறம் ஆயிலை இறக்குங்கள். அதற்கு முன் நிரப்பும் பிளக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்பீர்கள். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுத் துழாவி, அதில் ஒட்டுவதைச் செய்தித்தாளில் துடைத்துப் பாருங்கள். விபூதியைக் குழைத்த மாதிரி சாம்பல் நிறக் குழம்பு மட்டும் இருந்தால் பயமில்லை, இந்த வயதுக்கு அது இருக்கத்தான் செய்யும். விரலுக்கு இடையில் தேய்த்தால் நெருடும் துகள், நகத்தில் மாட்டும் செதில், பல்லின் துண்டு என்று வந்தால் கவரைக் கழற்றியே ஆகவேண்டும்.

ஒருவேளை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று வந்தாலும், பழையது ஏன் தேய்ந்தது என்று கேட்காமல், அளந்து செட் பண்ணாமல் புதியதைப் போடாதீர்கள். உங்கள் ஊர்ச் செம்மண்ணில் ஓடும் வண்டி என்பதால் ஆக்ஸில் ஹவுசிங் மேல் காற்று போய்வர இருக்கும் சின்ன மூக்கை, அதாவது பிரீதரைச் சொல்கிறேன். அது மண்ணில் அடைத்துக்கொண்டால், ஓடிச் சூடாகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். சீல் போச்சு என்று சீலை மட்டும் மாற்றுவார்கள், அது மறுபடி ஒழுகும், ஆயில் குறையும், பல் காயும். பிரீதரைக் கழற்றிக் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள்.

அரியாங்குப்பம்: சார், 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் என் ஜீப் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜின் ஆயில் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பின்னால் கரகர.

டிஃபரன்ஷியல் ஆயிலை அப்போது யாரும் பார்க்கவில்லை, அப்படித்தானே? வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் அந்த பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் உள்ளே போகும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. வடித்தால் ஆயில் வெளுத்துக் குழம்பியிருக்கும். கவரைக் கழற்றி, பேரிங் உருளைகளைத் துடைத்துப் பாருங்கள், நின்ற இடத்திலேயே குறுக்காக ஒரு துருக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு சொரசொரப்பாக இருந்தால் நான்கு பேரிங்கையும், அதாவது பினியனுக்கு இரண்டு, கிரவுனைத் தாங்கும் கேரியருக்கு இரண்டு, வெளி ரிங்கோடு சேர்த்து மாற்றுங்கள். பல் நன்றாக இருந்தால் கிரவுன் பினியனைத் தொட வேண்டாம்.

கடலூர், புதுச்சேரி ஆட்கள் எல்லோருக்குமே சொல்கிறேன்: பிரீதரில் ஒரு ஆயில் ஹோஸ் மாட்டி, சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோய் இன்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றி விடுங்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி வெளித் தண்ணீரை இழுக்கும். தென்பெண்ணையும் கெடிலமும் நிரம்பினால் நம் ரோட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வில்லியனூர்: என்ன ஆயில் ஊற்றலாம்?

80டபிள்யூ-90 கெட்டியில், ஜிஎல்-5 தரத்தில் கியர் ஆயில். கடையில் '90 ஆயில்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், டப்பாவில் ஜிஎல்-5 என்று எழுதியிருக்க வேண்டும். கிரவுன் பினியன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே உருள்கிறவை, சாதாரண ஆயில் படலம் அங்கே நிற்காது. மிச்சத்தைப் பழைய கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள், அதற்கு ஜிஎல்-4. அளவு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் தட்டும் வரை.

நெல்லிக்குப்பம்: முதல் கியர் போட்டுக் கிளட்ச் விட்டதும் 'டங்' என்கிறது. டிஃபரன்ஷியலா?

முதலில் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸைப் பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, கீழே படுத்து ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள், விலை குறைவு. அது நன்றாக இருந்து, பினியன் மட்டும் நிறையத் திரும்பினால் ஸ்பைடர் கியர் வாஷர்கள் தேய்ந்திருக்கும்.

கடலூர் ஓ.டி.: தம்பி, நான் துறைமுகப் பக்கம் நாற்பது வருஷமா ஜீப் வேலை பார்க்கிறவன். அளவு பார்க்கிற டயல் கேஜ் எல்லாம் நாங்க தொட்டதே இல்லை. கிரவுனைக் கையால் ஆட்டினால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு ஆட்டம், அதாவது பேக்லாஷ் என்று சொல்லிவிடுவேன். நீங்க எல்லாத்துக்கும் அளவு, அளவுன்னு சொல்லி வண்டிக்காரங்களைப் பயமுறுத்தறீங்க.

அண்ணே, பேக்லாஷ் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். இந்த வண்டிகளுக்கு 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை வேண்டும், பழகிய கை அதன் பக்கத்தில் வந்துவிடும். என் பேச்சு பினியன் ஆழத்தைப் பற்றியது, அதாவது பினியன் கிரவுனை எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பது. ஸ்பைசர் வகை ஆக்ஸிலில் பினியன் தலையில் பிளஸ் அல்லது மைனஸ் போட்டு ஓர் எண் செதுக்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பழைய பினியனில் பிளஸ் 2, புதியதில் மைனஸ் 1 என்றால், அந்த ஆழத்தை வைக்கும் மெல்லிய தகடான பழைய ஷிம்மோடு இன்னும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு கூட்ட வேண்டும். அது 0.08 மில்லிமீட்டருக்கும் குறைவு. எந்தக் கையும் அதை உணராது. பழைய ஷிம்மையே அப்படியே போட்டு, பேக்லாஷை மட்டும் சரியாக வைத்தாலும் வண்டி ஊளையிடும். 'புது செட் போட்டும் சத்தம் போகலை' என்று எனக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஷிம்மைத்தான் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: அண்ணன் சொல்றதுதான் சரி. புது செட்டே தேவையில்லை, சென்னை புதுப்பேட்டையில் ஓடின ஒரிஜினல் செட் வாங்கிப் போட்டால் அது பழகிய பல், செட்டிங் தேவையில்லை.

இல்லை தம்பி, ஓடின செட்டுக்குத்தான் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அது வேறு ஹவுசிங்கில், வேறு ஆழத்தில் தேய்ந்து பழகியது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாக உரசிப் பொருத்தியவை, இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கும். எண் பொருந்தவில்லையா, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடலூர் ஓ.டி.: அப்போ மார்க் எடுத்துப் பார்க்காமலா நாங்க மாட்டுறோம்?

அண்ணே, மார்க் எடுக்கிறீர்கள் என்றால் நம் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை! நான் கேட்பதும் அதைத்தான். மற்றவர்களுக்காக விவரமாகச் சொல்லிவிடுகிறேன். கிரவுனில் ஐந்தாறு பற்களை ஆயில் போகத் துடைத்து, மார்க்கிங் ப்ளூவை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள். ஒருவர் கிரவுனைக் கட்டையால் அழுத்திப் பிடித்துப் பாரம் கொடுக்க, இன்னொருவர் பினியனை முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். பாரம் கொடுக்காமல் சுற்றினால் வரும் மார்க் பொய் மார்க். பல்லின் நடு உயரத்தில், நீளவாக்கில் நடுவிலோ கொஞ்சம் உள்முனைப் பக்கமோ நீள்வட்டமாக ப்ளூ அழிந்திருந்தால் சரி. அழிந்த இடம் பல்லின் அடியில் இறங்கியிருந்தால் பினியன் கிரவுனை நெருங்கிவிட்டது, ஷிம் குறையுங்கள். பல்லின் நுனியில் ஏறியிருந்தால் பினியன் விலகி நிற்கிறது, ஷிம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பேக்லாஷை மறுபடி வைத்துவிட்டுத்தான் அடுத்த மார்க். பொறுமை வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போனாலும் போகட்டும்.

பினியன் பேரிங் ப்ரீலோடுக்கு, அதாவது பேரிங்கை எவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறோம் என்று பார்க்க, விலை உயர்ந்த டார்க் ரெஞ்சும் தேவையில்லை. துறைமுகத்தில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு போதும். சீலும் கிரவுனும் மாட்டுவதற்கு முன், யோக்கைச் சுற்றிக் கயிறு கட்டி, தராசால் சீராக இழுங்கள். புது பேரிங்குக்கு 20 முதல் 40 இன்ச் பவுண்டு என்பது அளவு. கயிறு சுற்றிய இடத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால், சுற்றிக்கொண்டிருக்கும்போது தராசு 5 முதல் 9 கிலோ வரை காட்ட வேண்டும். ஓடின பேரிங்குக்குப் பாதி.

கடலூர் ஓ.டி.: தராசு வித்தை நல்லா இருக்கு. நம்ம பட்டறைப் பையன்களிடம் காட்டுகிறேன்.

ரொம்ப சந்தோஷம் அண்ணே.

லாஸ்பேட்டை: ஜிப்ஸிக்கும் இதே முறைதானா?

கோட்பாடு அதேதான், வேலை சுலபம். ஜிப்ஸியில் டிஃபரன்ஷியல் முழுசாக ஒரே கட்டியாக வெளியே வரும், மேஜை மேல் வைத்து செட் பண்ணலாம். ஜீப்பில் ஹவுசிங்குக்கு உள்ளேயேதான் எல்லாம்.

தவளக்குப்பம்: பின் ஆக்ஸில் முழுசாகப் பழையது வாங்கி மாற்றினேன். ஃபோர் வீல் போட்டால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது.

முன், பின் ஆக்ஸில்களின் ரேஷியோ, அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, வேறாக இருக்கும். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் அதை இரண்டு சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். முன்பக்கமும் அதே மாதிரி, ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் லாக் பண்ணிவிட்டு. பழைய ஜீப்பில் கிரவுன் 43 பல், பினியன் 8 பல் இருந்தால் ஐந்தே கால் சுற்றைத் தாண்டி வரும். முன்னும் பின்னும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் லீவரைத் தொடவே தொடாதீர்கள். எண்ணிக்கை ஒன்றாக வந்தால், எங்கே போட்டுப் பார்த்தீர்கள்? காய்ந்த தார் ரோட்டில் என்றால் எந்தப் பழைய ஜீப்பும் இழுத்துத்தான் பிடிக்கும். முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் ஒரே தூரம் போவதில்லை, நடுவில் அதைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் கிடையாது. மணல், சேறு, அவ்வளவுதான்.

சேத்தியாத்தோப்பு: ஸ்பைடர் கியரை வெல்டு பண்ணிவிட்டால் சேற்றில் மாட்டாதாமே?

ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். வளைவில் டயர் தேயும், ஆக்ஸில் ஷாஃப்ட் முறியும், மழையில் பின்பக்கம் வழுக்கும்.

பாகூர்: அண்ணா, எந்த ஆயில்?

வில்லியனூருக்குச் சொன்னதேதான்.

திருபுவனை: 140 ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும்னு சொல்றாங்களே?

கொஞ்சம் அடங்கலாம், தேய்மானம் நிற்காது. விற்கப்போகிறவர்கள் மரத்தூள் கலந்து சத்தத்தை அடக்குவதும் உண்டு. வாங்கும்போது நிரப்பும் பிளக்கைக் கழற்றி, விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பிரீதரையும்.

முருங்கப்பாக்கம்: 15 வருஷம் முடிந்த வண்டிக்கு எஃப்சி...

ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

பண்ருட்டி: அண்ணா, திறந்து பார்த்துவிட்டேன். கிரவுனில் மூன்று பல் செதில் போயிருக்கிறது. பிரீதர் நீங்கள் சொன்ன மாதிரி சிமெண்ட் போல அடைத்திருந்தது. புது செட் வாங்குகிறேன். மாட்டியதும் என்ன கவனிக்கணும்?

கழற்றும்போதே கேரியர் பேரிங் கேப்களில் இடது, வலது என்று பஞ்ச் அடித்து வையுங்கள், மாற்றி மாட்டினால் பேரிங் உட்காராது. புது செட் மாட்டியதும் முதல் நாள் இருபது, முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, முழுசாக ஆறவிடுங்கள். பல் இன்னும் பழகாத நேரத்தில் சூடுதான் அதைக் கெடுக்கும். 800 கிலோமீட்டர் வரை பலாப்பழ லோடு, டிரெய்லர் எதுவும் வேண்டாம். அப்புறம் அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். மார்க் எடுத்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள், பல்லின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி. பார்த்துச் சொல்கிறேன், அதற்கப்புறம் கவரை மூடலாம்.