நரம்பு செல் ஆராய்ச்சிதான் படிப்பேன் என்கிறாள் மகள்: குடியாத்தம் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூவில் பயாலஜி-மேத்ஸ் குரூப், நீட் வேண்டாம் என்கிறாள், நரம்பு செல் வளர்வதைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் தாமதமாக. அந்தத் தாமதத்தை உங்கள் வீடு தாங்குமா என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

அதற்கு முன், அவளை இழுப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கருவில் நரம்பு செல்கள் தேவைக்கு மேல் உருவாகின்றன. அவை போய்ச் சேரும் திசு, வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது போதுமான அளவு கிடைத்த செல் பிழைக்கும், கிடைக்காதது மடிந்துவிடும். இந்தக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொன்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் புரதம் தானே போய் ஜீனைத் தொடுவதில்லை. செல்லின் வெளிச்சவ்வில் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதமான ஏற்பியைப் பற்றுகிறது. உடனே உள்ளே ராஸ், இஆர்கே என்று புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட, செய்தி உட்கருவை எட்டுகிறது. அங்கே கிரெப் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறியதும் சில ஜீன்கள் படியெடுக்கப்படுகின்றன, அதாவது வேலை செய்யத் தொடங்குகின்றன. சி-ஃபாஸ் என்ற ஜீன் சில நிமிடங்களிலேயே விழித்துக்கொண்டு, சீக்கிரமே அடங்கியும் விடும். அதற்குள் அது உண்டாக்கிய புரதம் அடுத்த கட்ட ஜீன்களை இயக்கத் தொடங்கியிருக்கும்.

இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. எலியின் கட்டியிலிருந்து எடுத்த பிசி-12 செல்களில் ஈஜிஎஃப் என்ற காரணியைச் சேர்த்தால் இஆர்கே கொஞ்ச நேரம் மட்டும் வேலை செய்யும், செல்கள் பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப் சேர்த்தால் அதே இஆர்கே மணிக்கணக்கில் நீடிக்கும், பெருகுவது நின்று நரம்பு இழைகள் முளைக்கும். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே செல்லின் போக்கை மாற்றிவிடுகிறது. இதை ஆராயக் கணக்கும் கம்ப்யூட்டரும் வேண்டும். அதனால், உயிரியல் படிப்பவளுக்குக் கணக்கு எதற்கு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். பெயரில் நியூரோசயின்ஸ் இருக்கிறதே என்று எங்கோ லட்சங்களைக் கட்ட வேண்டாம். முதல் முயற்சி, மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் நுழைவுத் தேர்வாக இருக்கட்டும். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். திருப்பதியிலேயே ஒரு ஐசர் இருக்கிறது, காட்பாடியிலிருந்து ரயிலில் போய்விடலாம். இடம் கிடைக்கவில்லையா, வேலூரிலோ காட்பாடியிலோ நல்ல கலைக் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி அல்லது விலங்கியல் போதும். சேர்வதற்கு முன் லேபை நேரில் பாருங்கள். உபகரணங்கள் உறை போட்டு மூடியே கிடந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

கலைக் கல்லூரி வழியில் போனால், அப்புறம் எம்எஸ்சிக்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, முனைவர் பட்டத்துக்கு நெட் தேர்வு எழுதிப் பெறும் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை. ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அந்தக் கட்டத்தில் வீட்டுப் பணம் தேவைப்படாது. அதுவரை ஐந்து வருடச் செலவு உங்களுடையது. பிஎச்டி முடிய அவளுக்கு 28 வயது ஆகலாம். நடுவில் வரன் பேச்சு வரும். படிப்பை நிறுத்தச் சொல்லும் வரன் வேண்டாம் என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். எம்எஸ்சியோடு நிறுத்த வேண்டி வந்தாலும் மருந்து கம்பெனி, கிளினிக்கல் ரிசர்ச், பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் போக வழி இருக்கிறது. தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும்.

வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. டிகிரி படிக்கும்போது விடுமுறையில் புராஜெக்ட் செய்ய முடியுமா என்று அங்கே அவளே எழுதிக் கேட்கட்டும். நாள் முழுக்க லேபில் நிற்பது அவளுக்குப் பிடிக்கிறதா என்பது அந்தச் சில வாரங்களில் தெரிந்துவிடும். எம்எஸ்சி பற்றிய முடிவை அதுவரை தள்ளிப்போடலாம், ஐசர் விண்ணப்பத்தை மட்டும் கடைசித் தேதிக்கு முன் போட்டுவிடுங்கள்.