ஒரே இரவில் ஒரு காது அடைத்துவிட்டது. லூபஸ் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்), அதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறேன். போன வியாழக்கிழமை காலையில் எழுந்ததும் இடது காதில் பஞ்சு வைத்த மாதிரி அடைப்பு, ஓயாத இரைச்சல். அந்தக் காதில் போனை வைத்தால் சத்தம் வருகிறது, பேச்சு புரியவில்லை. மருந்துக் கடையில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மாமியார், பனி என்கிறார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா, "அந்த மாத்திரைதான் காதைக் கெடுக்கும், நிறுத்து" என்கிறார். கல்யாணமான புதிதில் இரண்டு முறை கரு கலைந்ததைத் தவிர வேறு பெரிய பிரச்னை வந்ததில்லை. நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கிற சமாசாரம் இல்லை இது. அதனால்தான் கடிதத்தில் இருந்த நம்பருக்கு உடனே போன் செய்தேன். அன்று சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதனால் காது பாதிப்பது உண்டு, ஆனால் அபூர்வம்; வந்தாலும் பெரும்பாலும் மெதுவாக, இரண்டு காதிலும் வரும். ஒரே இரவில் ஒரு காதைப் பிடிப்பது அதன் வழக்கமில்லை. நிறுத்தினால் அடங்கியிருக்கிற லூபஸ் கிளம்பிவிடலாம்.

போனில் உங்களை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னேன் அல்லவா? அழுக்கோ சளியோ அடைத்திருந்தால் அந்தச் சத்தம் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். உங்களுக்கு வலது காதில் கேட்டது. அப்படியென்றால் சந்தேகம் உள்காதின் மேல். இ.என்.டி. டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதற்குத்தான்.

லூபஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உள்காதைத் தாக்கலாம். ரத்தம் உறைந்தும் காது போகலாம். உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு மெல்லிய தமனி. அது அடைத்தால் மாற்று வழி கிடையாது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கருக்கலைவுகள்தான் என்னை உறுத்தின. லூபஸ் உள்ள சிலரின் ரத்தத்தில் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் பொருள்கள் இருக்கும். கரு கலைவதற்கும் ரத்தக்குழாய் அடைப்பதற்கும் இவை காரணமாகலாம். உங்கள் வாத நோய் டாக்டரிடம் கேட்டு அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். இருப்பதாக வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். நரம்பு வகைக் கேட்புக் குறைவு என்று உறுதியானால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஸ்டீராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளாத சர்க்கரைக்காரர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசி போடுகிறார்கள். கேட்கும் திறன் முழுதாகத் திரும்பும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்குப் பாதிதான் வரும். பிறகு காது கேட்கும் கருவி.

இனி காய்ச்சலுக்கு ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசி என்று யாராவது ஆரம்பித்தால், அவை காதைக் கெடுக்கக்கூடியவை என்பதால் காதுப் பிரச்னை இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

நர்ஸ் அக்கா அந்த மாத்திரையைப் பற்றி எச்சரிக்க வேண்டியது கண்ணுக்காக. ஐந்து வருடம் தாண்டிவிட்டீர்கள்; வருடத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.