எக்ஸிமா: களிம்பு எவ்வளவு, எத்தனை நாள்?

எக்ஸிமாவுக்கு (அரிப்போடு சிவந்து வறளும் தோல் அழற்சி) ஸ்டீராய்டு களிம்பு தடவினால் மூன்றே நாளில் அடங்குகிறது. விட்டால் மறுபடி வருகிறது. தோல் மருந்துக்குப் பழகிவிட்டதா?

பெரும்பாலும் பாதியில் நிறுத்தியதுதான் காரணம். சிவப்பும் அரிப்பும் முதலில் போய்விடும். அழற்சி அதற்குப் பிறகும் சில நாள் உள்ளே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை விரலால் தடவுங்கள். பக்கத்துத் தோலைவிடத் தடிப்பாகவோ சொரசொரப்பாகவோ பட்டால் இன்னும் ஆறவில்லை. வித்தியாசம் தெரியாமல் போகும் வரை, மருத்துவர் சொன்ன காலக்கெடுவுக்குள் தொடருங்கள். உடம்புக்கு வழக்கமாக 7 முதல் 14 நாள் ஆகும்.

அளவிலும் கோட்டை விடுகிறோம். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அகலத்துக்குப் போதும். ஒரு முழுக் காலுக்குப் பாதம் நீங்கலாக இப்படி ஆறு தேவை, அதாவது 3 கிராம். பயந்து பயந்து பொட்டு வைத்தாற்போல் தடவினால் நோயும் தீராது, டியூபும் தீராது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? ஆறிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அங்கே தடவும் முறை உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள். முகம், கண்ணிமை, அக்குள், தொடையிடுக்கில் தோல் மெல்லியது. குளோபெட்டாசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகளை அங்கே நீங்களாகத் தடவக் கூடாது. அந்த இடங்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு எழுதித் தருவார்கள். அது தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும், அவ்வளவுதான்.

எத்தனையோ மாய்ஸ்சரைசர் மாற்றிவிட்டேன், வறட்சி போகவில்லை.

வாரத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். உடம்பு முழுக்க வறண்ட பெரியவருக்கு 500 கிராம், குழந்தைக்கு 250 முதல் 500 கிராம் வரை பிடிக்கும். 50 கிராம் டியூப் ஒரு மாதம் வந்தால் பிராண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் தடவுங்கள். ரோமம் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். தேய்த்தால் மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வரலாம். லோஷனைவிடக் கெட்டியான களிம்பு அதிக நேரம் நிற்கும். ஸ்டீராய்டுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் 20 நிமிட இடைவெளி விட்டால் நல்லது. ‘இயற்கையானது’ என்ற லேபிளை நம்பாதீர்கள். செடியிலிருந்து எடுத்த வாசனை எண்ணெய்களாலும் ஒவ்வாமை வரும். மாய்ஸ்சரைசர் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, சிகரெட் பக்கம் கவனம்.

குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திப் பார்க்கலாமா?

நீங்களாக வேண்டாம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி வந்தால் பரிசோதனை தேவை. மூச்சுத் திணறினால் உடனே அவசர சிகிச்சை. இப்படி எதுவும் இல்லாமல், ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனையில் எண் கூடுதல் என்பதற்காக மட்டும் ஓர் உணவை விலக்கக் கூடாது. ஒத்துக்கொண்டிருந்த உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது கடுமையான ஒவ்வாமை வந்ததும் உண்டு.

வட்ட வட்டமாக இருக்கிறது. படர்தாமரையா, எக்ஸிமாவா?

படர்தாமரை பூஞ்சைத் தொற்று. அதில் ஓரம் தடித்துச் செதிலாக, நடு தெளிந்திருக்கும். நாணய வடிவ எக்ஸிமாவில் வட்டம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். சந்தேகமிருந்தால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சைமேல் ஸ்டீராய்டு தடவினால் அரிப்பு அடங்கி, ஓரம் மங்கி, அடையாளமே தெரியாமல் பரவும். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பைக் கேட்டு வாங்கித் தடவுவதில் உள்ள வம்பு இதுதான்.

இரவில் சொறிகிறேன். செட்டிரிசின் போதுமா?

செட்டிரிசின், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் மாத்திரை. எக்ஸிமா அரிப்புக்குக் காரணம் ஹிஸ்டமின் மட்டுமல்ல, அதனால் பெரிதாகப் பயன் தராது. அழற்சியை அடக்குவதே வழி. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிக்கும் இடத்தில் ஈரத்துணி வையுங்கள்.

திடீரென்று நீர் வடிகிறது. ஆபத்தா?

தேன் நிறப் பொருக்கோடு வடிந்தால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், குத்தி எடுத்தாற்போன்ற புண்கள், அரிப்பைவிட வலி அதிகம், கூடவே காய்ச்சல் என்றால் அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். கண்ணருகே வந்திருந்தால் கண் மருத்துவரும் பார்த்தாக வேண்டும்.