மாடி வீட்டுப் பெண்ணைக் காணவில்லை: கேட்ட சத்தத்தை யாரிடம் சொல்வது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டில் இருந்த பெண்ணை ஒன்பது நாளாகக் காணவில்லை. அவருடைய அம்மா போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். அவரோடு சேர்ந்து வாழ்ந்தவரை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். 'அவன்தான் ஏதோ செய்துவிட்டான்' என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் பேச்சு. காணாமல்போன அன்றைக்கு முந்தின இரவு அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டேன். 'எனக்கும் சந்தேகம் இருக்கிறது' என்று நானும் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டேன். போலீசில் சொல்ல வேண்டுமா? ஸ்டேஷன், கோர்ட் என்று அலையவிடுவார்களா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: சொல்லுங்கள், இன்றைக்கே. அந்தச் சத்தம் எத்தனை மணிக்குக் கேட்டது, யார் குரல், என்ன வார்த்தை காதில் விழுந்தது, எப்போது அடங்கியது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். அதுவரை குழுவைத் திறக்காதீர்கள். ஒன்பது நாள் பேச்சைப் படித்த பிறகு, காதால் கேட்டது எது, பிறர் சொன்னது எது என்று பிரிப்பது யாருக்கும் கடினம். நாளை வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது, 'இதைக் குழுவில் படித்துவிட்டுத்தானே சொல்கிறீர்கள்?' என்பதாகத்தான் இருக்கும். அடுத்த கேள்வி, 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?' நல்ல சாட்சியம் இந்த இரண்டு கேள்வியில் உடைந்துபோவது உண்டு.

உங்கள் வீட்டாரின் பயத்துக்கு வருகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவுப்படி, சாட்சியாக விசாரிப்பதற்காக ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் பெண் என்றால், விசாரணை அதிகாரி உங்கள் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அந்த வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை; போடச் சொன்னால் மறுக்கலாம். பின்னால் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் போகத்தான் வேண்டும். அதை நான் மறைக்க மாட்டேன்.

இப்போது குழுவில் நீங்கள் போட்ட அந்த ஒரு வரி. ஒருவர் குற்றவாளி என்று பத்துப் பேர் படிக்க எழுதினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின் கீழ் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அதே சந்தேகத்தை நல்லெண்ணத்தோடு விசாரணை அதிகாரியிடம் சொன்னால் அது அவதூறு ஆகாது. அதே பிரிவிலேயே விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது. யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பதும் காப்பாற்றாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவை 2018-ல் பகிர்ந்த எஸ்.வி.சேகர் மீதான வழக்குகளை ரத்துசெய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. உங்கள் வரியை நீக்கிவிட்டு, 'நான் எழுதியது யூகம், திரும்பப் பெறுகிறேன்' என்று போடுங்கள். நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அதிகாரி கேட்டால் ஒளிக்காமல் காட்டுங்கள்.

அந்த ஆளைச் சந்தேகிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பெண்ணைக் காணோம் என்றால் கூட வாழ்ந்தவரைத்தான் போலீசும் முதலில் விசாரிக்கும், விசாரிக்கவும் வேண்டும். ஆனால் விசாரணைக்குக் கூப்பிட்டதால் குற்றம் உறுதியாகிவிடாது, அனுப்பிவிட்டதால் கைவிட்டார்கள் என்றும் ஆகாது. தமிழ்நாட்டில் 'பெண் காணவில்லை' என்றே எஃப்.ஐ.ஆர். பதிவுசெய்வார்கள். செல்போன் அழைப்பு விவரம், டவர் இருப்பிடம், வங்கிக் கணக்கு எல்லாம் பார்த்து, ஆதாரம் கிடைத்த பிறகு பிரிவை மாற்றுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும்.

2023 ஜனவரியில் இங்கிலாந்தின் லங்காஷரில், செயின்ட் மைக்கேல்ஸ் ஆன் வயர் என்ற சிற்றூரின் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப்போன ஒரு தாயைக் காணவில்லை. அவருடைய செல்போன் பெஞ்சில் கிடந்தது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் வீடியோ எடுக்க அங்கே குவிந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனான அவருடைய துணைவரைக் கொலைகாரன் என்றே பேசினார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அதே ஆற்றில் உடல் கிடைத்தது. தவறி விழுந்து மூழ்கியதால் ஏற்பட்ட மரணம் என்று ஜூனில் மரண விசாரணை முடிவுசெய்தது. அந்த மனிதர் துக்கத்தோடு பழியையும் சுமந்த அந்த வாரங்களை யாராலும் திருப்பித்தர முடியாது.

யூகம் சரியாகவே இருந்த வழக்கும் உண்டு. 2021-ல் அமெரிக்காவில் வேனில் ஊர் சுற்றப்போன இளம் பெண்ணைக் கொன்றது அவருடைய காதலர்தான். தேடும் இடத்தைச் சுருக்க உதவியது என்ன தெரியுமா? வயோமிங்கில் பயணம்செய்த ஒரு குடும்பம், தங்கள் வீடியோவில் அந்த வேன் பதிவாகியிருந்ததைக் கண்டு எஃப்.பி.ஐ.-க்குத் தெரிவித்தது. உங்களிடமும் அப்படி ஏதாவது இருக்கலாம். வாசல் சிசிடிவி இருந்தால் உடனே அதிகாரியிடம் சொல்லுங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிடும், ஒன்பது நாள் ஏற்கெனவே போய்விட்டது. வெட்டியெடுத்துக் குழுவில் போடாதீர்கள். மூலப் பதிவும், அதற்காகப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழும் இருந்தால்தான் நீதிமன்றத்தில் செல்லும்.

இன்னொன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். அடி உதை தாங்காமல் அவராகவே கிளம்பிப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால், 'அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்' என்று யாராவது போடும் ஒரு படம் அவரை அடித்தவரிடமே போய்ச் சேரும். எங்கே பார்த்தாலும் அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-க்கு மட்டும் சொல்லுங்கள். அவர் வயதுவந்த பெண். எங்கே இருக்கிறார் என்பதை வெளியே சொல்வது அவர் விருப்பம். திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தார் என்று குழுவில் பேசுவதாலும் அவரைக் கண்டுபிடித்துவிட முடியாது.

ஸ்டேஷனில் உங்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை என்றால், எழுதிவைத்த தாளின் நகலை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரமானால் கமிஷனருக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: மகளை யாரோ அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று நம்ப அடிப்படை இருந்தால், அவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளையில். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு இலவசமாக ஏற்பாடு செய்துதரும்.