கம்ப்ரஸர் சத்தம் தாங்கவில்லை. உலோகத்தில் கோடு செதுக்க, காற்றழுத்தத்தில் இயங்கும் கருவிக்கு ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் இவற்றில் எந்த சிலிண்டரை மாட்டலாம்?

ஆக்சிஜனை மாட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. பொடி வைத்து ஊதுகுழல் தீயில் உலோகத்தை ஒட்டுவதற்கு வாங்கிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒரு பக்கம் சும்மா நிற்கிறது. இன்னொரு பக்கம் கம்ப்ரஸர் கத்துகிறது, வீட்டில் எல்லோரும் முறைக்கிறார்கள். கை தானாக அந்த சிலிண்டர் பக்கம் போகும்.

நான் வேலை பார்த்த பட்டறையில் மூத்த அண்ணன் ஒருவருக்கும் அப்படித்தான் போனது. காலையில் கொடுக்க வேண்டிய ஆர்டர், ராத்திரி கம்ப்ரஸர் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. "இதுவும் காத்துதானே தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஊதுகுழல் ஹோஸைக் கழற்ற ஆரம்பித்தார். வாயால் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அவருடைய ஹேண்ட்பீஸை, அதாவது கருவியில் கையால் பிடிக்கும் பகுதியைப் பிரித்து, பிஸ்டனை ஒரு வெள்ளை டிஷ்யூவில் உருட்டிக் காட்டினேன். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. பிஸ்டன் ஓட நாமே விடுகிற எண்ணெய்தான். அழுத்தம் காட்டும் ஆக்சிஜன் கேஜின் முகத்தில் எண்ணெய் படக் கூடாது என்று அச்சிட்டே இருக்கும், அதையும் தொட்டுக் காட்டினேன். "அஞ்சு நிமிஷ வேலைடா" என்றார். சிலிண்டர் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆர்டர் தள்ளிப்போனது, முதலாளியிடம் திட்டு வாங்கியது நான்தான், அண்ணனும் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

"நான் இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்காக: அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனில் எண்ணெய் பற்றிக்கொள்ள தீப்பொறி வேண்டியதில்லை. வால்வைச் சட்டென்று திறக்கும்போது குழாய்க்குள் வாயு நெரிபட்டு ஏறுகிற சூடே போதும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன் என்றாலும், கருவி வெளியே விடுகிற ஆக்சிஜன் உங்கள் சட்டையிலும் தலைமுடியிலும்தான் இறங்கும். காற்றில் சாதாரணமாக 21 சதவீதம் ஆக்சிஜன், 23.5ஐத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கு. பக்கத்தில் ஊதுகுழல் வேறு எரிகிறது. எல்பிஜி, அசிட்டிலீன் பற்றி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் தீப்பிடிக்காது. நிறையப் பேர் ஓட்டுகிறார்கள், கருவியும் நன்றாகவே ஓடும். ஆனால் நாம் உட்காரும் விதத்தை யோசியுங்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குனிந்திருக்கிறோம், கருவி வெளியே விடும் வாயு மூக்குக்கு ஒரு சாண் கீழே. 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக இருக்கும் அறையில் கொள்வது 27,000 லிட்டர் காற்று. கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு கிலோவைத் தீர்த்தால் அறையில் சுமார் 2 சதவீதம் சேர்ந்துவிடும். எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் வரம்பு 0.5 சதவீதம்தான். தலை வலிக்கும், மூச்சு வாங்கும், அதனால் எழுந்து ஓடவாவது தோன்றும். நைட்ரஜனில் அதுவும் இல்லை. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படிக் கண்டுகொள்ளாது. எதுவும் தெரியாமலேயே மயங்கி விழலாம். ஜன்னல் இல்லாத அறை என்றால் இரண்டுமே வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடுதான் வாங்குவேன் என்றால், கேஜை நம்பி மிச்சம் பார்க்காதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் 57 பார் என்றே காட்டிக்கொண்டிருக்கும், திரவம் தீர்ந்ததும் கடகடவென்று இறங்கும். எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடி வரை குழாய் இறங்கிய சிலிண்டர்களும் உண்டு. அவை வாயுவுக்குப் பதிலாகத் திரவத்தைத் தள்ளி ரெகுலேட்டரை உறைய வைத்துவிடும். வாங்கும்போதே கேளுங்கள். படுக்க வைத்தாலும் இதே கதைதான். எந்த வாயுவோ அதற்குரிய ரெகுலேட்டர். மரை சேரவில்லை என்றால் சேரக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கம்ப்ரஸரை விடாதீர்கள், அறையை மாற்றுங்கள். காற்றுக்கு ஹோஸ் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? கம்ப்ரஸர் வேறொரு அறையில் இருக்கட்டும், வடிகட்டியும் ரெகுலேட்டரும் மேசையில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் வகையில் சத்தம் குறைந்தவையும் கிடைக்கின்றன. அதுவும் முடியாதென்றால் முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் காற்று சிலிண்டர் ஒன்றைப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் ஏறக்குறைய 2,400 லிட்டர் வெறும் காற்று. அறையில் கலந்தாலும் கவலை இல்லை.

நல்ல கம்ப்ரஸர் வாங்கக் காசு எங்கே என்பீர்கள். நியாயம். குனிந்து குனிந்து கழுத்து போன பிறகு முடிகிற வேலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது லேசர்ல பண்ணதா?" என்று கேட்டு, லேசர் விலையே கொடுக்கிறார்கள். லேசர்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. கோடு எங்கே தொடங்கி எங்கே ஆழமாகி எங்கே மெலிகிறது என்று ஒரு தரம் சாய்த்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாதவர்கள்மேல்தான்.

எதை வாங்கினாலும் சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்துங்கள். கருவியின் கையேட்டில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆக்சிஜனுக்கு அடாப்டர் எங்கே கிடைக்கும் என்று கீழே கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.