அடைப்புக்கு உள்ளே யார், வெளியே யார்? சிக்கற் சேர்வைப் பெயரீடு: கேள்வி-பதில்

நான்கு அமோனியாவும் மூன்று குளோரினும் உள்ள கோபால்ற்றுச் சேர்வைக்கு "டெட்ராஅம்மீன்டைகுளோரிடோகோபால்ற்று குளோரைட்டு" என்று விடை தந்திருக்கிறார்கள் சேர். ஒரே குளோரினுக்கு ஏன் இரண்டு பெயர்? (உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி)

ஓர் உலோகத்தைச் சுற்றி மூலக்கூறுகளோ அயன்களோ பிணைந்து நிற்பதே சிக்கற் சேர்வை. இங்கே இரண்டு குளோரைட்டுகள் உலோகத்தோடு பிணைந்து சூத்திரத்தின் சதுர அடைப்புக்குள் நிற்கின்றன மகள். அப்படி உலோகத்தோடு பிணைந்தவை இணையிகள், ஆகவே "குளோரிடோ". மூன்றாவது வெளியே நிற்கும் அயன். அதற்கு வழக்கமான பெயரே போதும். இது வெறும் எழுத்து வேறுபாடு அல்ல. கரைசலில் வெள்ளி நைத்திரேற்றை விட்டால் வெளியே நிற்கும் குளோரைட்டுத்தான் உடனே வெண்ணிறமாக வீழ்படியும். இந்தச் சேர்வையில் ஒரு மூலுக்கு ஒரு மூல் வெள்ளி குளோரைட்டு. அமோனியா ஐந்தானால் இரண்டு, ஆறானால் மூன்று. 1893இல் இரசாயனவியலாளர் அல்பிரட் வேர்னர் முன்வைத்த கொள்கை இந்தக் கணக்கை விளக்கியது. 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனையைச் சொல்லாமல் பெயரீட்டு விதிகளை மட்டும் பாடமாக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சதுர அடைப்புப் பகுதியின் பெயர் முடிவில், கோபால்ற்றை அடுத்து, அதன் ஏற்றக் கணக்கான ஒட்சியேற்ற எண் மூன்றை உரோம இலக்கத்தில் எழுத மறக்க வேண்டாம்.

இணையிகளை எழுதும்போது, அகரவரிசைப்படி அக்குவாதானே (நீர்) அம்மீனுக்கு (அமோனியா) முதல் வரவேண்டும்? (ஏறாவூர்)

தமிழ் வரிசையில் அப்படித்தான். ஆனால் இரசாயனப் பெயர்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐயுபாக்கின் விதி பார்ப்பது ஆங்கில எழுத்தை. அம்மீனின் இரண்டாம் எழுத்து எம், அக்குவாவினது கியூ. அம்மீனே முதலில். டை, டெட்ரா போன்ற எண்ணிக்கை முன்னொட்டுகளை வரிசைக்குக் கணக்கெடுப்பதில்லை.

குளோரோவா, குளோரிடோவா? (அக்கரைப்பற்று)

2005ஆம் ஆண்டின் ஐயுபாக் பரிந்துரைப்படி குளோரிடோ, சயனிடோ. பழைய நூல்களில் குளோரோ, சயனோ. ஒரே பெயருக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

மயில்துத்தமும் (நீரேறிய செம்பு சல்பேற்று) சிக்கற் சேர்வையா? (விவசாயி, சம்மாந்துறை)

ஆம் ஐயா. அதன் ஐந்து நீர் மூலக்கூறுகளில் நான்கு செம்போடு பிணைந்தவை. ஐந்தாவது ஐதரசன் பிணைப்பால் நிற்கிறது. சூடாக்கி நீரை முழுதும் போக்கினால் நீலமும் போய் வெள்ளைத் தூளாகிவிடும்.

இரும்பு எப்படிப் "பெரேற்று" ஆனது? (வாழைச்சேனை)

சிக்கலயன், அதாவது சதுர அடைப்புக்குள் நிற்கும் அயன், மறையேற்றம் உடையதானால் உலோகத்தின் பெயர் "ஏற்று" என முடியும். இரும்பு, செம்பு, வெள்ளி ஆகியவற்றுக்கு இலத்தீன் அடி: பெரேற்று, கியூபிரேற்று, ஆர்ஜென்ரேற்று. பொற்றாசியம் எக்சாசயனிடோபெரேற்று என்று மட்டும் எழுதினால் போதாது தம்பி. பொற்றாசியம் நான்கானால் இரும்பின் ஒட்சியேற்ற எண் இரண்டு, மூன்றானால் மூன்று. இவை இரண்டும் வெவ்வேறு சேர்வைகள்.