டோவரில் நீளும் வரிசை

கேள்வி: பிரான்சுக்குக் கப்பல்கள் புறப்படும் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்குச் செல்லும் சாலைகளில் விடுமுறைக் காலங்களில் கார்களும் லாரிகளும் மணிக்கணக்கில் காத்துக்கிடப்பதைச் செய்திகளில் காண்கிறேன். சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடாதா?
– வாசகர், திருச்சி

பதில்: தீராது. அங்கே வரிசையின் நீளத்தைத் தீர்மானிப்பது, கப்பலேறுவதற்கு முன் நடக்கும் கடவுச்சீட்டுச் சோதனை. பிரான்ஸ் நாட்டின் எல்லைக் காவலர்கள் தங்கள் சோதனையை டோவரிலேயே முடித்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதையடுத்து, 2021 ஜனவரி முதல் பிரிட்டிஷ் பயணிகளின் கடவுச்சீட்டில் முத்திரையிடும் வேலையும் சேர்ந்துகொண்டதால், ஒவ்வொரு காருக்கும் பிடிக்கும் நேரம் கூடியது. ஒரு பேச்சுக்கு, பத்துச் சாவடிகள், காருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 600 கார்கள் கடக்கும். ஒன்றரை நிமிடமானால் 400 மட்டுமே கடக்கும். மிஞ்சும் 200 கார்களும், காருக்கு ஆறு மீட்டர் என்றாலும், 1,200 மீட்டர் நீளத்துக்கு நிற்கும்.

துறைமுகமோ சுண்ணாம்புப் பாறைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. ஃபோக்ஸ்டன் பக்கமிருந்து வரும் ஏ20 சாலை ஊரின் கடற்கரையை ஒட்டியே கிழக்குத் துறைக்குப் போவதால், வரிசை நீளும் நாளில் கப்பலுக்கே போகாத ஊர்மக்களும் வீட்டைவிட்டு நகர முடியாமல் தவிக்கிறார்கள். என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஆகவே, ஊருக்கு வெளியே லாரிகளை இடப்புறத் தடத்தில் நிறுத்திவைத்து, துறைமுகத்தில் இடம் கிடைக்கக் கிடைக்க சிக்னல் விளக்கால் விடுவிக்கும் 'டாப்' என்ற ஏற்பாட்டை மிகவும் நியாயமானதாகக் கருதுகிறேன். அதுவும் போதாதபோது, மெய்ட்ஸ்டன் அருகே எம்20 நெடுஞ்சாலையில் 'ஆபரேஷன் பிராக்' நடைமுறைக்கு வரும். கான்கிரீட் தடுப்புகளை ஓர் இயந்திரம் இரவோடிரவாகத் தூக்கி நகர்த்த, கடற்கரை நோக்கிய பாதை ஐரோப்பா செல்லும் லாரிகளுக்கு ஒதுக்கப்பட்டு, மற்ற வண்டிகள் எதிர்ப்பாதையில் இரு திசையிலும் ஓடும். லாரி ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் தராமல் இதைச் செய்வது ஊரின் துன்பத்தை அவர்கள் தலையில் இறக்கிவைப்பதாகும்.

கேள்வி: பயணிகள் பல மணி நேரம் முன்னதாகவே போய்விட்டால் நல்லதுதானே?
– வாசகி, கோவை

பதில்: எல்லாரும் அப்படிச் செய்தால், மாலைக் கப்பலுக்கான கார்கள் நண்பகல் கப்பலுக்குப் போகவேண்டியவர்களின் வழியை அடைத்துக்கொள்ளும். பயணச்சீட்டில் சொன்ன நேரத்தை ஒட்டி வருவதும், குறுக்கு வழி தேடிக் கிராமச் சாலைகளுக்குள் நுழையாமல் இருப்பதுமே முறை. நெரிசலால் கப்பலைத் தவறவிட்டவர்களை, இடமிருந்தால், அடுத்த கப்பலில் ஏற்றிக்கொள்வது அங்கே வழக்கம்.